ஒரு சனிக்கிழமைதான் கிடைக்கிறது: அல்கொன்குவினா, அப்பிள் தோட்டமா, வீட்டில் ஒன்றுகூடலா?

செப்டெம்பர் பாதி கழிந்ததும் ரொறன்ரோத் தமிழ்க் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுத்தான். இலை நிறம் மாறுவதைப் பார்க்க வடக்கே அல்கொன்குவின் பூங்காவுக்குப் போவோமா என்று ஒருவர் கேட்பார். பிள்ளைகள் அப்பிள் பிடுங்க ஆசைப்படுகிறார்கள் என்று இன்னொருவர். எங்கேயும் அலையாமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், சமைத்துச் சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டிருப்போம் என்று மூன்றாமவர். கதைத்துக் கதைத்தே ஒக்டோபர் முடிந்துவிடும்.

சிக்கல் ஆசையில் இல்லை, நாட்களில் இருக்கிறது. தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, சனிக்கிழமை ஷிப்ட், யாராவது ஒருவர் வீட்டுக் கலியாணம் எல்லாம் போக ஒரு சனிக்கிழமை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதை எதற்குக் கொடுப்பது என்று குழம்பி நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எது கூடச் சந்தோசம் தரும் என்று யோசித்தால் முடிவு வராது. எது உங்களுக்காகக் காத்திருக்காது என்று யோசியுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலாவது திகதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. வடக்கே மேப்பிள் சிவப்பது ஏறக்குறைய இரண்டு கிழமை. அப்பிள் ஒரு மாதம். நண்பர்கள் நவம்பரிலும் இருப்பார்கள்.

இரண்டாவது, உங்களோடு வருபவர்கள். நாலு வயதுப் பிள்ளையும் முழங்கால் வலியுள்ள அம்மம்மாவும் ஒரே வண்டியில் வருகிறார்கள் என்றால், படத்தில் அழகாகத் தெரிகிற மலையுச்சி உங்களுக்கு உதவாது.

மூன்றாவது செலவு. பணம் மட்டுமில்லை, நெரிசலில் போகிற நேரம், அடுத்த நாள் உடம்பு அசதி, சமையலறையில் நிற்பவரின் உழைப்பு எல்லாமே செலவுதான். நாலாவது வெளிச்சம். ஒக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணிக்கு முன்பே பொழுது சாய்கிறது, மாத முடிவில் ஆறு மணி தாண்டியதும். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியபின் ஐந்து மணிக்கே இருட்டு.

கடைசியாக ஒன்று. பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதுதான் பெரிது: அந்த நாள் முடியும்போது, கூட வந்தவர்களோடு எவ்வளவு நேரம் மனம்விட்டுக் கதைத்திருப்பீர்கள்?

| தெரிவு | நல்ல காலம் | காரில் போய்வர | தெரிந்த செலவு | தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| அல்கொன்குவின் | செப்டெம்பர் கடைசிக் கிழமை, ஒக்டோபர் முதற் சில நாட்கள் | 6 மணித்தியாலம், நெரிசலில் இன்னும் கூட | வாகன அனுமதி, எரிபொருள் | முழுநாள் அசதி, திரும்பும் நெரிசல் |
| ரூஜ் பூங்கா | ஒக்டோபர் நடுப்பகுதியும் கடைசியும் | ஸ்காபரோ, மார்க்கத்திலிருந்து 1 மணித்தியாலத்துக்குள் | இல்லை | வண்டி நிறுத்த இடம் தேடுவது |
| அப்பிள் தோட்டம் | செப்டெம்பர் நடுவிலிருந்து ஒக்டோபர் நடு வரை | 2 மணித்தியாலம் | நுழைவு, பை | வண்டிச் சவாரி, தின்பண்டம், மிஞ்சும் அப்பிள் |
| வீட்டில் கைவேலை | ஒக்டோபர், நவம்பர் | இல்லை | மிகக் குறைவு | பெரியவர் ஒருவரின் முழுக் கவனம் |
| ஒன்றுகூடல் | எப்போதும். நவம்பரில் சிறப்பு | இடத்தைப் பொறுத்தது | சாப்பாடு | வீட்டுக்காரரின் இரண்டு நாள் உழைப்பு |

## அல்கொன்குவின்: திகதி சரியாக அமைந்தால் மட்டும்

1893இல் அமைந்த இந்தப் பூங்காதான் ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் விரிந்தது. அதன் தெற்குப் பகுதியை ஊடறுத்து 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீற்றர் ஓடுகிறது. ஒரு நாளில் போய்வருகிற எல்லோரும் பார்ப்பது இந்தச் சாலையோரத்தைத்தான், அதுவே கண் நிறையப் போதும்.

இங்கே பலர் ஏமாறுவது தாங்ஸ்கிவிங் நீள்வாரத்தில். ஒக்டோபர் இரண்டாம் திங்கள் விடுமுறை என்பதால் அந்தச் சனி, ஞாயிறுதான் எல்லோருக்கும் வசதி. ஆனால் சீனி மேப்பிள் மரங்கள் உச்சமாகச் சிவப்பது பெரும்பாலும் செப்டெம்பர் கடைசிக் கிழமையில். தாங்ஸ்கிவிங் வரும்போது பல மரங்கள் மொட்டையாகிவிடும். அஸ்பன், பேர்ச் மரங்களின் மஞ்சள்தான் மிஞ்சும். மஞ்சளும் அழகுதான். ஆனால் சிவப்பைப் பார்க்க என்று மூன்று மணித்தியாலம் ஓடிப்போய், ஆண்டிலேயே ஆகக்கூடிய சனநெரிசலில் அகப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆண்டுக்கு ஆண்டு நாள் சற்று முன்பின்னாகும். பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி இல்லாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு தூக்கலாக வரும். இலையில் தங்கிவிடும் சீனியிலிருந்து அந்தச் சிவப்பு நிறமி புதிதாக உண்டாகிறது. மஞ்சள் அப்படியில்லை, கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்து, பச்சை மறைந்ததும் வெளியே தெரிவது அது. எந்த ஆண்டானாலும் பெருங்காற்றோடு ஒரு மழை பெய்தால் ஓர் இரவில் எல்லாம் கொட்டிவிடும். அதனால் புறப்படுமுன் ஒன்ராறியோ பூங்காத் துறையின் இணையத்தளத்தில் நிறமாற்ற நிலவரத்தைப் பாருங்கள். எந்தப் பூங்காவில் எத்தனை வீதம் நிறம் மாறியிருக்கிறது, எவ்வளவு இலை விழுந்திருக்கிறது என்று அதில் இருக்கும்.

செலவுக்கு வருவோம். நாள் அனுமதி ஒரு வாகனத்துக்கு இருபது டொலரை ஒட்டி வரும். கணக்கு வாகனத்துக்குத்தான், ஆளுக்கில்லை. ஏழு பேர் ஒரே வான் வண்டியில் போனால் ஆளுக்கு மூன்று டொலர். உள்ளே கொஞ்சம் சுற்றுவதையும் சேர்த்துப் போய்வர 600 கிலோமீற்றர் என்று வையுங்கள். நூறு கிலோமீற்றருக்கு 8 லீற்றர் குடிக்கும் வண்டிக்கு 48 லீற்றர். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 72 டொலர். சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதே புத்தி. புளிச்சாதம், அவித்த முட்டை, பிளாஸ்க்கில் தேத்தண்ணி, பிள்ளைகளுக்கு ரோல்ஸ் இருந்தால் கவலையில்லை. பூங்காவுக்குள் கடைகள் குறைவு, வரிசை நீளம்.

அங்கே போனதும் எங்கே ஏறுவது? இளையவர்கள் லுக்கவுட் நடைபாதையில் ஏறலாம். 2.1 கிலோமீற்றர்தான், ஆனால் செங்குத்து. மேலே கைப்பிடி இல்லாத பாறை விளிம்பு, சின்னப் பிள்ளைகளின் கையை விடக்கூடாது. ஹார்ட்வூட் லுக்கவுட் ஒரு கிலோமீற்றருக்குள் முடியும். நடக்க முடியாதவர்களை 43ஆம் கிலோமீற்றரில் இருக்கும் பார்வையாளர் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்பக்க மேடையில் நின்றால் ஏறாமலே காடு முழுவதும் தெரியும், நல்ல கழிவறையும் உண்டு. பொழுது சாயுமுன் பூங்காவை விட்டு வெளியேறுவது நல்லது. மங்கிய வெளிச்சத்தில் மூஸ் என்கிற பெரிய மான் சாலையைக் கடக்கும். அதன் உடல் கருமையானது, கால் உயரம் என்பதால் வண்டி விளக்கில் கண்கள்கூட மின்னாது. கைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் கிடையாது.

யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ முதல் தடவையாக வந்திருக்கும் உறவினர், பதின்வயதுப் பிள்ளைகள், வார நாளில் லீவு எடுக்க முடிந்தவர்கள்: இவர்களுக்கு இதுதான் சரி. அதுவும் செவ்வாய், புதன் கிடைத்தால் சனியைத் தொடவே வேண்டாம். கொட்டேஜ் என்கிற விடுமுறை வீடு எடுத்துத் தங்கும் யோசனை மூன்று குடும்பமாவது பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும். வாடகையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், துப்புரவுக் கட்டணமும் ஆகக்குறைந்தது இரண்டு இரவு என்ற நிபந்தனையும் கடைசிப் பக்கத்தில்தான் தெரியவரும்.

## ரூஜ்: பக்கத்தில் இருப்பதால் மதிக்காமல் விடுகிறோம்

ஸ்காபரோ, மார்க்கம், பிக்கரிங் மூன்றையும் தொட்டுக்கொண்டு 79 சதுர கிலோமீற்றரில் கிடக்கிறது ரூஜ். 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகர்ப்புறப் பூங்கா ஆனது. நுழைவு இலவசம். தமிழர் நெருங்கி வாழும் இடங்களிலிருந்து இருபது நிமிடம். கார் இல்லாத மாணவர்கள் உயிரியல் பூங்காவுக்குப் போகும் டிடிசி (ரொறன்ரோ நகரப் போக்குவரத்து) பஸ்ஸில் ஏறினால் போதும்.

இதன் பெரிய பலம் திகதிதான். வடக்கே எல்லாம் முடிந்தபின்தான் இங்கே நிறம் ஏறும். அல்கொன்குவின் நாளைத் தவறவிட்டவர்களுக்கு ஒக்டோபர் நடுப்பகுதியும் அதற்கடுத்த கிழமையும் இருக்கின்றன. விஸ்டா நடைபாதை ஒன்றரை கிலோமீற்றர் மட்டில், வழியில் பள்ளத்தாக்கைப் பார்க்கிற மேடை ஒன்று. பெரியவர்கள் மெதுவாக நடந்து சேரலாம். சரி, வடக்கின் சிவப்பு இங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓக் மரத்தின் செம்பழுப்பு, இடையிடையே மேப்பிள், ஓரத்தில் பைன் பச்சை. அவ்வளவுதான். ஆனால் மதியத்துக்குள் வீடு திரும்பலாம், மாலை முழுவதும் உங்கள் கையில். கதைக்கும் நேரம் என்ற கணக்கில் இது அல்கொன்குவினை வெல்கிறது என்பது என் எண்ணம். நல்ல வெயில் நாளில் வண்டி நிறுத்துமிடம் சீக்கிரம் நிரம்பும், காலையிலேயே போங்கள்.

ஒரு எச்சரிக்கை இரண்டு பூங்காவுக்கும் பொருந்தும். விழுந்த இலையானாலும் பைன்காயானாலும் உள்ளேயிருந்து எடுத்துவரக் கூடாது. பிள்ளைகளுக்கு இதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள்.

## அப்பிள் தோட்டம்: மலிவு என்று போக வேண்டாம்

நுழைவுக் கட்டணம், பைக்குத் தனிக் காசு, சோளக்காட்டுப் புதிர்வழி, டிராக்டர் வண்டி, டோனட் வரிசை என்று நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குக் கணக்குப் பார்த்தால், கடையில் விற்கிற அப்பிள்தான் மலிவு. போவது பழத்துக்காக அல்ல, பிள்ளைக்காக. மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் இதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை. மரம் குட்டை, பழம் கைக்கெட்டும், ஓட இடமிருக்கிறது.

பிடுங்கும் விதத்தைச் சொல்லிக்கொடுங்கள். பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கித் தூக்கி லேசாகத் திருகினால் காம்போடு கையில் வரும். கீழே இழுத்தால் காம்பு பிடித்திருக்கும் குட்டைக் கிளை முறிந்துவிடும். அடுத்த ஆண்டுப் பூ அரும்புவது அதில்தான்.

போகிற நாளைப் பொறுத்து வகை மாறும். மெக்கின்டொஷும் காலாவும் செப்டெம்பரில் முந்தி வரும், ஹனிகிரிஸ்ப் அந்த மாதப் பின்பாதியில், நொர்தேர்ன் ஸ்பை ஒக்டோபரில். பத்து இறாத்தல் பை ஒன்று ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இருபது இறாத்தல் பை சேதத்துக்குத்தான், அதை வாங்குகிறவர்கள் சட்னிக்கும் திட்டம் போட வேண்டும். மெக்கின்டொஷ் சூட்டில் சீக்கிரம் கரையும். கடுகு, செத்தல் மிளகாய், இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கிளறினால் தோசைக்கும் பாணுக்கும் அருமையாக இருக்கும். அப்பிளைக் குளிர்சாதனப் பெட்டியில் கரட்டோடு சேர்த்து வைக்க வேண்டாம், அதிலிருந்து வரும் வாயு கரட்டைக் கசக்க வைக்கும்.

பெரிய பிள்ளைகள் இங்கே அரை மணித்தியாலத்தில் சலித்துவிடுவார்கள். அவர்களுக்காக வார இறுதி நெரிசலில் போவது வீண்.

## வீட்டில் கைவேலை: மழை பெய்தாலும் கெடாத திட்டம்

ஷிப்ட் வேலையால் முழுநாள் ஒன்றாகக் கிடைக்காத வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இலை உங்கள் தெருவிலேயே கிடக்கிறது. ரொறன்ரோத் தெருக்களில் நிறைய இருப்பது நோர்வே மேப்பிள். அது சிவப்பதில்லை, பிந்தி மஞ்சளாகும். அதன் இலையில் தார் தெறித்ததுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். பூஞ்சைதான், ஆளுக்குக் கெடுதல் இல்லை. மஞ்சளில் அந்தக் கறுப்பு எடுப்பாகவே தெரியும், ஒதுக்க வேண்டாம்.

நவராத்திரியும் அனேகமாக இந்த நாட்களில்தான் வருகிறது. வாணி விழாவுக்கு மேப்பிள் இலையில் தோரணம் கட்டிப் பாருங்கள். ஈரமில்லாத இலையாகப் பொறுக்கி, ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்த தட்டில் அமிழ்த்தி, மேலே இன்னொரு தட்டைப் பாரமாக வைத்து மூன்று நாலு நாள் விட வேண்டும். கிளிசரின் மருந்துக்கடையில் கிடைக்கும். எடுத்துத் துடைத்தால் இலை துணிபோல் மடங்கும், சுருளாது, நொறுங்காது. நிறம் மட்டும் சற்று அடர்த்தியாகும். காம்பை மடித்து ஊசி நூலில் கோத்தால் வாசலில் பல கிழமை நிற்கும். மாவிலைத் தோரணம் கட்டிப் பழகிய அம்மம்மாவின் கையும் ஐந்து வயதுப் பேரனின் கையும் ஒரே நூலில் வேலை செய்வதற்கு இந்த நாட்டில் வேறு அதிகம் சந்தர்ப்பம் இல்லை. கிளிசரின் வேலை வேண்டாம் என்பவர்கள் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து மேலே கனமான புத்தகம் ஏற்றினால் பத்து நாளில் தட்டையாகக் காய்ந்துவிடும்.

பூசணியில் முகம் வெட்டுவதென்றால் ஹலோவீனுக்கு இரண்டு மூன்று நாள் முன்பு போதும். ஒக்டோபர் நடுவிலேயே வெட்டினால் 31ஆம் திகதிக்குள் பூஞ்சணம் பிடித்துச் சரிந்துவிடும். வெட்டுவதற்கு விற்கும் பெரிய பூசணி நீர்த்தன்மையானது, கறிக்கு ருசிக்காது. கறி வைக்க வேண்டுமானால் பை (pie) என்கிற இனிப்புப் பலகாரம் செய்வதற்கு விற்கும் சின்னப் பூசணியைத் தேடுங்கள். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் ஊர்ப் பூசணிக்குக் கிட்ட வரும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்றுதான். ஒரு பெரியவர் கைபேசியை வைத்துவிட்டு இரண்டு மணித்தியாலம் கூடவே உட்கார வேண்டும். அது முடியாது என்றால் பொருட்களை வாங்கவே வேண்டாம்.

## ஒன்றுகூடல்: தள்ளிப்போடலாம், விடக்கூடாது

நட்பு என்று வந்தால் இதற்கு நிகரில்லை. கண் சாலையில் இல்லை, பிள்ளைகள் பேஸ்மன்டில் விளையாடுகிறார்கள், கதை நீள்கிறது. ஆனால் இதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்று பாருங்கள். வெள்ளி இரவு வெங்காயம் வெட்டத் தொடங்கி ஞாயிறு பாத்திரம் கழுவி முடிக்கும் வரை அனேகமாக வீட்டுப் பெண்கள்தான். மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் சமையலறைக்குள் கேட்கும், என்ன பகிடி என்று தெரியாது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

மாற்றுவது கடினமில்லை. இடியப்பம் ஒரு ட்ரே, சம்பலும் சொதியும் கடையில் எடுங்கள். வீட்டுக்காரர் ஒரே ஒரு கறி வைக்கட்டும். மற்றதை வருகிறவர்கள் பங்கிட்டுக் கொண்டுவரட்டும். யார் எது என்று பெயரோடு எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்று கேக் வரும், சோறு வராது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அது விழாவாகிவிடும், கதைக்க முடியாது. குடிப்பவர்கள் இருந்தால் வண்டி ஓட்டப்போவது யார் என்பதை வரும்போதே கேட்டுவிடுங்கள்.

முற்றத்தில் விறகு மூட்டிக் குளிர்காய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். ரொறன்ரோ நகர எல்லைக்குள் வீட்டுப் பின்வளவில் விறகுத்தீ மூட்ட அனுமதியில்லை. அயலூர்களில் விதி வேறு, அந்தந்த நகரசபையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிகாரம் மாறியபின் வரும் முதல் இரண்டு கிழமைதான் இதற்கு ஆக நல்ல நேரம் என்பேன். ஐந்து மணி இருட்டு மனத்தை அமுக்குகிற நாட்கள் அவை, இலை பார்க்கவும் ஒன்றுமில்லை. தாங்ஸ்கிவிங் அன்று எல்லோரையும் கூப்பிட்டால் வெளியே போகக்கூடிய ஒரு வெயில் நாளை வீட்டுக்குள் கழிப்பீர்கள்.

## உங்கள் நிலைமைக்கு எது

ஒரே ஒரு சனிக்கிழமை, அது ஒக்டோபர் நடுவில், வீட்டில் சின்னப் பிள்ளையும் பெரியவர்களும்: காலையில் ரூஜ், மாலையில் இரண்டு குடும்பத்தோடு வீட்டில் இடியப்பம். நான் என்றால் தயங்காமல் இதைத்தான் எடுப்பேன்.

அந்த ஒரு சனி செப்டெம்பர் கடைசியில் விழுந்து, நீண்ட பயணம் எல்லோருக்கும் ஒத்துவருமென்றால் அல்கொன்குவின். சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் அப்பிள். படிக்க வந்து கார் இல்லாமல் இருப்பவர்களுக்கு ரொறன்ரோவிலிருந்து பூங்காக்களுக்கு ஓடும் பார்க்பஸ் சேவை இருக்கிறது, நாலு பேராகச் சேர்ந்து பாருங்கள். இரண்டு சனி கிடைத்தவர்கள் ஒன்றை இலைக்கும் மற்றதை நவம்பர் ஒன்றுகூடலுக்கும் வைக்கலாம். கைவேலைக்குச் சனிக்கிழமையே தேவையில்லை, வாரநாள் இரவுகள் போதும்.

அல்கொன்குவின் என்று முடிவெடுத்தவர்கள் அனுமதியை வாசலில் வாங்கலாம் என்று நம்பிப் போக வேண்டாம். நிரம்பிய நாளில் திருப்பி அனுப்புவார்கள். ஐந்து நாள் முன்பிருந்துதான் இணையத்தில் பதியலாம். சனிக்கிழமைக்குத் திங்கட்கிழமை காலையிலேயே பதிந்துவிடுங்கள்.